ஆவணம் வாசிக்கும் கணனி: காணி தேடும் பெண்களுக்கு அது என்ன செய்யும்?

ஒரு பெண்ணுக்குச் சொந்தமானது எது என்று கேட்டால் வீடு, வளவு, வயல், நகை என்று நாம் பட்டியல் சொல்லுவோம். ஆனால் சட்டத்தின் முன்னால் நிற்கும்போது, அவள் கையிலுள்ள கடதாசி எதைச் சொல்கிறதோ அதுவே அவளுக்குச் சொந்தம். பாட்டியும் தாயும் களை பிடுங்கிக் கதிர் அறுத்த வயலாக இருந்தாலும், பத்திரம் இல்லையென்றால் "இது உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருப்பதில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கேள்வி மிகவும் பாரமானது. தம்பலகாமத்தை எடுத்துக்கொள்வோம். ஆதி கோணநாயகர் கோயிலும், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளியும், தம்பலகாமக் குடாவும் கொண்ட பழைய விவசாயப் பிரதேசம் இது. தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து வீடுகளையும் வயல்களையும் அடித்துச் சென்றது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கரையோரக் கிராமங்களை அழித்தது. 2006இல் மூதூர் கிழக்கு, சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வெள்ளம் வந்தது. இந்த ஒவ்வொரு வேளையிலும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெட்டியிலிருந்த பத்திரங்களையும் எடுத்துக்கொள்ள எல்லோராலும் முடியவில்லை.

இன்று சமூகப் பணியில் ஈடுபடும் எம்மிடம் பெண்கள் கொண்டு வருவது பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பை. அதனுள் மடிப்பில் கிழிந்த அனுமதிப்பத்திரம் ஒன்று, அல்லது அதன் மங்கிப்போன போட்டோப் பிரதி, கணவரின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், வரி கட்டிய பற்றுச்சீட்டு, பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு ஆகியன இருக்கும். ஒன்று சிங்களத்தில், ஒன்று ஆங்கிலத்தில், மற்றது தமிழில். "இதிலே எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது பிள்ளை, எல்லாத்தையும் கொண்டு வந்திட்டன்" என்பார்கள்.

இவ்வாறான ஆவணக் குவியலை வாசித்து, எது தேவையானது, எது தேவையற்றது என்று பிரித்தெடுக்கும் வேலையைக் கணனிக்குக் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்று உலகில் வளர்ந்து வருகிறது. இதனை 'இயந்திரக் கற்றல்' என்பர். மேற்கு நாடுகளின் பெரிய சட்ட நிறுவனங்கள் பல வருடங்களாக இதனைப் பயன்படுத்துகின்றன. பணக்காரக் கம்பனிகளின் வழக்குகளுக்காக வளர்ந்த இந்த முறை, பொலித்தீன் பையோடு நிற்கும் பெண்ணுக்கு உதவுமா, அல்லது அவளுக்கு இன்னொரு தடையாக அமையுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவணப் பரிசீலனை என்றால் என்ன?

ஒரு காணிப் பிணக்கை எடுத்துக்கொண்டால், சட்டத்தரணி முதலில் பேசுவதில்லை, வாசிக்கிறார். தனியார் காணியாயின் உறுதிகளைக் கேட்டு வாங்கி, காணிப் பதிவகத்தின் ஏடுகளில் வழக்கமாக 30 வருடங்கள் பின்னோக்கிப் பார்க்கிறார். யார் யாருக்கு விற்றார், எங்கே ஈடு வைக்கப்பட்டது, எந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது என்று தேடுகிறார். அரச காணியாயின், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று பார்க்கிறார். பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா, அந்த நியமனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று கோவையைப் புரட்டுகிறார்.

இது நேரம் விழுங்கும் வேலை. அந்த நேரத்துக்குரிய விலையைப் பெண்ணே செலுத்துகிறாள். ஒருநாள் அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. "கோவை கிடைக்கவில்லை, அடுத்த கிழமை வாருங்கள்" என்றால் மீண்டும் பஸ் காசு, மீண்டும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுச் செல்லும் சங்கடம். பல பெண்கள் பாதிவழியில் கைவிடுவதற்குக் காரணம் உரிமை இல்லாததல்ல, அலைந்து களைத்துப்போவதுதான்.

தாமதத்தினால் உரிமையே போய்விடுவதும் உண்டு. யுத்த காலத்தில் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டில் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1ஆம் திகதிக்கும் 2009 மே 18ஆம் திகதிக்கும் இடையில் தமது உரிமையைக் கோர முடியாமற்போனவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்கிட அது இடமளித்தது. ஆனால் வழக்கிடுவதற்கான அவகாசம் 2 வருடங்கள் மாத்திரமே. அந்த 2 வருடங்களுக்குள் ஆவணங்களைத் தேடி எடுத்து, வாசித்து, ஒழுங்குபடுத்திக் கொள்ள முடிந்தவர்களுக்கே அச்சட்டம் பயன்பட்டது. எனவே ஆவணப் பரிசீலனையை விரைவுபடுத்துவது சட்டத்தரணிகளின் வசதிக்கான விடயம் மட்டுமல்ல. அது நீதி கிடைப்பதோடு நேரடியாகத் தொடர்புபட்டது.

சொல்லைத் தேடினால் போதாதா?

"கணனியில் ஒரு சொல்லை அடித்தால் அது தேடித் தருகிறதே, பிறகென்ன?" என்று சிலர் கேட்கலாம். அது போதாது என்பதை 1985ஆம் ஆண்டிலேயே பிளேயர், மாரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் நடந்த புகையிரத விபத்து தொடர்பான வழக்கொன்றில் சுமார் 40,000 ஆவணங்கள் கணனியில் ஏற்றப்பட்டிருந்தன. சட்டத்தரணிகள் சொற்களைக் கொடுத்துத் தேடினார்கள். தேவையான ஆவணங்களில் முக்காற் பங்கு, அதாவது 75 சதவீதம் தமக்குக் கிடைத்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சுமார் 20 சதவீதம் மாத்திரமே.

ஏன் இவ்வாறு நடந்தது? ஒரே விடயத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள் என்பதே காரணம். பாதிக்கப்பட்டவர்கள் 'விபத்து' என்று எழுதியதை, பொறுப்பானவர்கள் 'துரதிர்ஷ்டவசமான சம்பவம்' என்று எழுதியிருந்தார்கள். 'விபத்து' என்று தேடினால் இரண்டாவது அகப்படாது. நமது அனுபவமும் இதுதான். மனைவியை அடித்த முறைப்பாடு ஒரு புத்தகத்தில் 'தாக்குதல்' என்றும், இன்னொன்றில் 'குடும்பப் பிணக்கு' என்றும், வேறொன்றில் 'சமாதானமாகத் தீர்க்கப்பட்டது' என்றும் எழுதப்பட்டிருக்கும். 'தாக்குதல்' என்ற சொல்லை மட்டும் தேடுபவர், இந்த ஊரில் பெண்கள் பெரிதாகத் துன்பப்படவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

கணனிக்குப் பாடம் சொல்லும் முறை

இயந்திரக் கற்றல் வேறு வழியில் செல்கிறது. இதனைப் புரிந்துகொள்ள, அரிசி புடைக்கப் பழகும் சிறு பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். "கல் என்றால் இது, நெல் என்றால் இது" என்று நாம் சட்டம் எழுதிக் கொடுப்பதில்லை. சுளகில் போட்டு, "இதை எடு, இதை விடு" என்று காட்டுகிறோம். கொஞ்சக் காலத்தில் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கிறது.

அதேபோல, அனுபவமுள்ளவர் சில நூறு அல்லது சில ஆயிரம் ஆவணங்களை வாசித்து, ஒவ்வொன்றின் மீதும் 'தேவை', 'தேவையில்லை' என்று அடையாளமிடுகிறார். அடையாளமிட்டவற்றைப் பார்த்து, எவ்வகைச் சொற்கள் எவ்வாறு சேர்ந்து வருகின்றன என்பதைக் கணனி கணக்கிடுகிறது. பின்னர் எஞ்சிய ஆவணங்களை அதுவே வரிசைப்படுத்துகிறது: தேவையானதாக இருக்கக்கூடியவை மேலே, மற்றவை கீழே. மனிதர் மேலேயுள்ளவற்றை முதலில் வாசிக்கிறார். கணனி பிழைவிட்ட இடங்களைத் திருத்திக் கொடுக்கிறார். கணனி மீண்டும் கற்கிறது.

2012 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அன்ட்ரூ பெக் என்ற நீதிபதி, வழக்கொன்றில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை இம்முறையில் பரிசீலிக்கலாம் என ஏற்றுக்கொண்டார். அந்த வழக்கு, பெண் ஊழியர்கள் தமது கம்பனிக் குழுமத்தின் மீது பால்நிலைப் பாரபட்சத்துக்காகத் தொடுத்த வழக்கு என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். 2016இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றமும் இத்தகைய முறைக்கு அனுமதி வழங்கியது.

இங்கே ஒரு கணக்கை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 10,000 ஆவணங்கள் இருக்கின்றன, அவற்றில் உண்மையில் 200 மட்டுமே தேவையானவை என்று வைத்துக்கொள்வோம். கணனி 250 ஐப் பொறுக்கித் தருகிறது. அவற்றில் 160 சரியானவை. அப்படியாயின் 90 தேவையற்றவை நம் மேசைக்கு வந்திருக்கின்றன. அதனால் கொஞ்ச நேரம்தான் வீண். ஆனால் 40 தேவையான ஆவணங்கள் குவியலிலேயே தங்கிவிட்டன. அந்த 40இல் ஒன்று ஒரு விதவைத் தாயின் அனுமதிப்பத்திரமாக இருந்தால்? 'நூற்றுக்கு 80 சரி' என்று விற்பவர் பெருமையாகச் சொல்லுவார். எஞ்சிய 20இல் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நமது வேலை. ஆகவே, 'தேவையில்லை' என்று கணனி ஒதுக்கியவற்றிலிருந்தும் சிலவற்றை எடுத்து மனிதர் வாசித்துப் பார்ப்பது அவசியம்.

சிக்காகோவில் பெண்கள் செய்த வேலை

இந்தக் கருவியைச் சாதாரணப் பெண்களின் பக்கம் நின்று பயன்படுத்தலாம் என்பதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உண்டு. அங்கே பொலிஸாருக்கு எதிராகப் பொதுமக்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான முறைப்பாட்டுக் கோவைகள் நீதிமன்றப் போராட்டங்களின் பின்னர் வெளிவந்தன. அவை 2011 முதல் 2015 வரையான காலத்துக்குரியவை. யார் அவற்றை வாசிப்பது?

ட்ரீனா ரெய்னோல்ட்ஸ்-டைலர் என்ற பெண் அங்கம் வகித்த ஒரு சிறு செய்தி நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றது. சுமார் 200 தொண்டர்கள் கூடியிருந்து கோவைகளை வாசித்து, பெண்களுக்கு நேர்ந்தவற்றை அடையாளமிட்டனர். அந்த அடையாளங்களைக் கொண்டு கணனிக்குப் பாடம் சொல்லப்பட்டது. அந்தக் கருவிக்கு 'ஜூடி' என்று பெண் பெயர் வைத்தார்கள். காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடச் சென்ற குடும்பங்களைப் பொலிஸார் அலட்சியப்படுத்தினர் என்ற 54 முறைப்பாடுகளை ஜூடி எடுத்துக் கொடுத்தது. காணாமற்போன கறுப்பினப் பெண்கள், சிறுமிகள் பற்றி சாரா கொன்வே என்பவருடன் சேர்ந்து ட்ரீனா எழுதிய செய்தித் தொடருக்கு 2024ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பரிசை அல்ல. அந்தக் காகிதங்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. தாய்மார் தமது வாயால் சொன்னதை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கோவையின் மேல் திணைக்களம் இட்ட தலைப்பில் அவர்களது துயரம் தெரியவில்லை. வேறு கேள்வியோடு, வேறு மனிதர்கள் வாசித்தபோதே அது தெரிந்தது. கணனி செய்தது, அந்த மனிதர்களின் கண்ணை ஆயிரம் மடங்கு பெருக்கிக் கொடுத்தது மட்டும்தான். எனவே கணனிக்கு யார் பாடம் சொல்கிறார், என்ன கேள்வியோடு சொல்கிறார் என்பதே அடிப்படையான விடயம்.

ஆள் ஒன்று, எழுத்து பல

நமது நாட்டில் இந்த வேலை சிக்கலாவதற்குப் பெயர்களே முதற் காரணம். நமது ஊரின் பெயரையே பாருங்கள். தமிழில் தம்பலகாமம் என்கிறோம். சிங்களத்தில் தம்பலகமுவ என்பர். ஆங்கில எழுத்தில் அது மூன்று நான்கு விதமாக எழுதப்படுகிறது. ஊருக்கே இப்படியென்றால் ஆளுக்கு?

அதிலும் ஆணை விடப் பெண்ணுக்கே சிக்கல் அதிகம். ஓர் ஆணின் முதலெழுத்து பிறப்பு முதல் இறப்பு வரை தகப்பனுடையதாகவே இருக்கும். தமிழ்ப் பெண்ணுக்கோ பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் எழுத்து, திருமணத்தின் பின் பல கடதாசிகளில் கணவனின் எழுத்து. முஸ்லிம் சகோதரிகளின் பெயரில் 'உம்மா', 'பீவி' என்பன ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் விடுபட்டிருக்கும். தேசிய அடையாள அட்டையிலும் 2016க்கு முன் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், அதன்பின் வழங்கப்பட்டவற்றில் 12 இலக்கம். அட்டையைப் புதுப்பித்த ஒரே பெண்ணின் பழைய கடதாசியில் ஓர் இலக்கமும் புதிய கடதாசியில் வேறோர் இலக்கமும் இருக்கக்கூடும். இவ்விரு கடதாசிகளையும் பார்க்கும் கணனி, அவை இரு வேறு பெண்களுக்குரியவை என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்?

பெயர்களை ஒப்பிட்டு, இருவரும் ஒருவரா என்று கண்டுபிடிக்கும் கணனி முறைகளும் உள்ளன. அவற்றின் முக்கியத்துவத்தை நமது நாட்டின் துயரத்திலிருந்தே அறியலாம். 2009 மே மாதத்தில் யுத்தத்தின் இறுதி நாட்களில் சரணடைந்து காணாமற்போனோர் பற்றிப் பல அமைப்புகள் தனித்தனிப் பட்டியல்கள் வைத்திருந்தன. ஒரே பெயர் பல பட்டியல்களில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தது. மனித உரிமைத் தரவுகளை ஆராயும் அமெரிக்க நிபுணர்கள், சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்திட்டத்துடன் இணைந்து இப்பட்டியல்களை ஒப்பிட்டு, மே 17 முதல் 19 வரையான 3 நாட்களில் மட்டும் சுமார் 500 பேர் காணாமற்போயிருக்கலாம் என்று 2018இல் மதிப்பிட்டனர். ஒரு பெயரை இரண்டாக எண்ணினாலும் பிழை; இரு பெயரை ஒன்றாக எண்ணினாலும் பிழை. இரண்டாவது பிழையில் ஒரு தாயின் பிள்ளை கணக்கிலிருந்தே மறைந்து போகிறான்.

பழைய கோவை பழைய பாடத்தையே சொல்லும்

கணனி பக்கச்சார்பு அற்றது, அதற்கு ஆண், பெண் பேதம் இல்லை என்று பலர் நினைக்கின்றனர். இது மிகத் தவறான எண்ணம். கணனி கற்பது நாம் கொடுக்கும் பழைய ஆவணங்களிலிருந்துதான். பழைய ஆவணங்களில் இருப்பது பழைய சமூகம்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். விவசாயக் குடியேற்றங்களில் அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என்று கருதப்பட்ட ஆணின் பெயரிலேயே வழங்கப்பட்டது. அவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், மனைவி தன் சீவிய காலத்துக்குக் காணியை அனுபவிக்கலாம். ஆனால் அதைக் கைமாற்றவோ, தனக்குப் பின் யார் என்று நியமிக்கவோ அவளால் முடியாது. மறுமணம் செய்தால் அந்த உரிமையும் போய்விடும் என்பதே நீண்டகாலச் சட்டம். அவளுக்குப் பின்னர் காணி யாருக்கு என்பதை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தீர்மானித்தது. அதில் மகளுக்கு முன்னால் மகன், பேத்திக்கு முன்னால் பேரன், தாய்க்கு முன்னால் தகப்பன் என்று வரிசை இருந்தது. பெண்கள் அமைப்புகள் பல வருடங்கள் குரல் கொடுத்த பின்னர், 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலமே இந்த ஆண் முன்னுரிமை நீக்கப்பட்டது. 1935இலிருந்து கணக்கிட்டால் 87 வருடங்கள்.

இப்போது, இந்த 87 வருடக் கோவைகளைக் கணனிக்குப் பாடமாகக் கொடுத்து, "எந்த விண்ணப்பம் சிக்கலில்லாதது, எது சந்தேகத்துக்குரியது என்று பிரித்துத் தா" என்று கேட்டால் அது என்ன கற்கும்? மகன் கேட்டால் சரி, மகள் கேட்டால் சிக்கல் என்பதையே கற்கும். சட்டம் மாறிவிட்டது. ஆனால் கோவை மாறவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலே, ஒழிக்கப்பட்ட சட்டம் கணனிக்குள் தொடர்ந்து உயிர் வாழும்.

"ஆண், பெண் என்ற நிரலை எடுத்துவிட்டுக் கொடுத்தால் சரிதானே" என்று சிலர் சொல்லலாம். நமது அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பிறந்த வருடத்தின் பின்னர் வரும் 3 இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பவை. ஜனவரி 1ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 001, அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 501. பெண்ணாயின் 500 கூட்டப்படும். ஆகவே பால் குறிக்கப்படாத கோவையிலும் நாம் பெண் என்பது நமது இலக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மனிதக் கண் கவனிக்காவிட்டாலும் கணனி கவனிக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமேசன் என்ற பெரிய கம்பனி வேலை விண்ணப்பங்களைத் தெரிவு செய்வதற்கு இவ்வாறான கருவியொன்றை உருவாக்கியது. முந்திய 10 வருடங்களில் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அதற்குப் பாடம் சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவாக, விண்ணப்பத்தில் 'மகளிர்' என்ற சொல் வந்தாலே அது புள்ளியைக் குறைத்தது. கம்பனி அக்கருவியைக் கைவிட்டதை 2018இல் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது.

கணனி சொல்வதெல்லாம் உண்மையா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆவணங்களைப் பிரித்துத் தருவது ஒன்று. தானே எழுதித் தருவது வேறொன்று. இப்போது கைத்தொலைபேசியிலேயே கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. கேட்டவருக்குப் பொருத்தமான சொற்களைக் கோத்துத் தருவதே அவற்றின் இயல்பு. தெரியாததைத் தெரியாது என்று அவை எப்போதும் சொல்வதில்லை. 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இருவர் அவ்வாறு பெற்ற எழுத்தை அப்படியே நீதிமன்றத்தில் சமர்ப்பித்தனர். அதில் காட்டப்பட்ட பழைய தீர்ப்புகள் சில உலகிலேயே இல்லாதவை. அவர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

அயல்நாடான இந்தியாவில் உயர் நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் கவனத்தோடு நடக்க முயல்கின்றன. தீர்ப்புகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு மொழிபெயர்க்கும் 'சுவாஸ்' என்ற மென்பொருளை இந்திய உச்ச நீதிமன்றம் 2019இல் அறிமுகப்படுத்தியது. கேரள உயர் நீதிமன்றமோ, தீர்ப்புக்கோ முடிவுக்கோ வருவதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றங்களுக்கு 2025 யூலையில் கொள்கை வகுத்தது. கருவி உதவலாம், முடிவு மனிதருடையது என்ற எல்லைக்கோடு இது. நமக்கும் பொருத்தமானது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பயனுள்ள ஏற்பாடு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரைப் பற்றிய முடிவு இயந்திரத்தினால் மட்டும் எடுக்கப்பட்டிருந்தால், அதனை மீளாய்வு செய்யுமாறு அவர் கோரலாம் என்பதே அது. இச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதைப் பெண்கள் அமைப்புகள் வலியுறுத்த வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வாசிப்பது கணனியோ, உத்தியோகத்தரோ, சட்டத்தரணியோ, வாசிக்கக்கூடிய நிலையில் கடதாசி இருந்தால்தான் நமக்குப் பயன். இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

முதலாவதாக, உங்கள் பெயர் எந்தெந்தக் கடதாசியில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் என எல்லாவற்றையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இவை யாவும் ஒருவரே என்பதற்குச் சத்தியக் கடதாசி முடித்து வைப்பது பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இரண்டாவதாக, கடதாசிகளைத் திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றும் என்ன என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பிரதி எடுங்கள். அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தில் உள்ள குறிப்பைப் பிரதி எடுக்காமல் விட்டுச் சிரமப்பட்டவர்கள் பலர். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். வெள்ளம் இரு வீடுகளுக்கும் ஒரே நாளில் வருவது அரிது.

மூன்றாவதாக, கணவர் உயிரோடு இருக்கும்போதே அனுமதிப்பத்திரத்தில் அல்லது அளிப்பில் பின்னுரித்தாளர் யார் என்று பாருங்கள். நியமனம் பதிவு செய்யப்படாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரியுங்கள். "இப்பவே சாவைப் பற்றிக் கதைக்கிறதா" என்று வீட்டில் கேட்பார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கதைக்கிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் பெயரில் காணி இருந்தால், மகளும் உங்கள் பிள்ளைதான் என்பதை மறவாதீர்கள்.

நான்காவதாக, கோவை கிடைக்கவில்லை என்று அலைக்கழிக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் எடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஐந்தாவதாக, கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் உங்கள் ஆவணங்களைப் படம் பிடித்து ஏற்றுவதில் அவதானமாக இருங்கள். குறிப்பாக வீட்டு வன்முறை, விவாகரத்து, பிள்ளைகள் தொடர்பான கடதாசிகளை ஏற்ற வேண்டாம். பாதுகாப்புக் கட்டளை பெற்ற ஒரு பெண்ணின் புதிய முகவரி வெளியே போனால், அதன் விலை அவளது உயிராகவும் இருக்கலாம். சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் உள்ள கடிதத்தின் பொருளை அறியக் கணனி மொழிபெயர்ப்பு ஓரளவு உதவும். ஆனால் அதை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்.

பெண்கள் சங்கங்கள் கூட்டாகக் கேட்க வேண்டியவையும் உள்ளன. காணிப் பதிவுகள் கணனிமயப்படுத்தப்படும் இடங்களில் தமிழ் ஆவணங்களும், கையெழுத்தில் உள்ள பழைய பதிவுகளும் விடுபடக் கூடாது. எழுத்துக்கூட்டல் வித்தியாசத்தைக் காரணம் காட்டி ஒரு விண்ணப்பம் ஒதுக்கப்பட்டால், அதை ஒரு மனிதர் திரும்பவும் பார்க்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கணனிக்குப் பாடம் சொல்லும் வேலையில், விதவைகளின், காணாமற்போனோர் மனைவியரின், மறுமணம் செய்தவர்களின் கோவைகளை அறிந்த பெண்கள் பங்குபற்ற வேண்டும்.

கணவரைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழோடு, மரணச் சான்றிதழ் இல்லாமல், காணி அலுவலகத்தில் நிற்கும் மனைவியை எந்தப் படிவத்தின் எந்தப் பெட்டியில் போடுவது? 'விதவை' என்று எழுத அவள் மனம் ஒப்பாது. 'திருமணமானவர்' என்று எழுதினால் கணவரின் கையெழுத்தைக் கேட்பார்கள். அவளது நிலையை விளங்கிய ஒருவர் கணனிக்கு முதலில் சொல்லிக் கொடுத்தாலன்றி, கணனி அவளை 'ஆவணம் போதாது' என்ற குவியலிலேயே போடும். சொல்லிக் கொடுத்தால், அவளைப் போன்ற நூறு பேரின் கோவைகளை அது ஒரே நாளில் மேலே எடுத்து வைக்கும்.

ஆகவே சகோதரிகளே, கணனி வருகிறதே என்று பயப்படவும் வேண்டாம், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாதம் நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமது பையைக் கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் இருத்தி, பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்குவோம்.